நீலகிரியில் டிபிஎஸ் கார்டு: விரல் நுனியிலிருந்து ஃப்ரீசர் வரை ஆன்டிபாடியைக் கெடாமல் கொண்டுசேர்ப்பது எப்படி

"ஊட்டியில்தானே சாம்பிள் எடுக்கிறோம், ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கு, கார்டுக்கு என்ன ஆகிடப் போகுது?" மலைக்கு வருகிற புதுக் குழுக்கள் பெரும்பாலும் இந்தத் தைரியத்தோடுதான் வருகின்றன. கார்டு கெட்டுப்போவதும் இந்தத் தைரியத்தால்தான். டிபிஎஸ் கார்டு என்பது, விரலில் எடுத்த ரத்தத்தைத் துளித் துளியாக விட்டு உலர்த்தி வைக்கும் வடிதாள் அட்டை.

காய்ந்த ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி, நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஒரு புரதம். நன்றாகக் காய்ந்த நிலையில் அது அசையாமல் கிடக்கும், வெப்பத்தைக்கூட ஓரளவு தாங்கும். காகிதத்தில் ஈரம் ஏறினால் கதை மாறுகிறது. புரதம் மடிப்புக் குலையும், ஒன்றோடொன்று ஒட்டும், ரத்தத்திலேயே இருக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கும், பின்னாலேயே பூஞ்சையும் வரும். காகிதம் எவ்வளவு ஈரம் இழுக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது. 12 டிகிரி குளிரில் 95 சதவீத ஈரப்பதத்தோடு மூடுபனி நிற்கிறதென்றால் உங்கள் கார்டும் நனைகிறது என்று பொருள். குளிர் கெடுதலை மெதுவாக்கும், அவ்வளவுதான். அதே ஈரம் கூடலூரில் 24, 25 டிகிரியில் நின்றால் அந்தச் சலுகையும் கிடையாது.

ஸ்க்ரப் டைபஸ், தட்டம்மை, டெங்கு என்று எதற்காகவாவது ஆன்டிபாடி கணக்கெடுப்புக்கு மலைக்கு வரும் மாணவர்கள், நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் அங்கங்கே முட்டி மோதித் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளலாம்.

1. எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் முடிய உள்ள காலம் நல்லது. ஊட்டியில் காலையில் உறைபனி இருக்கும். பயப்பட வேண்டாம், வெயில் ஏறியதும் காற்று காய்ந்துவிடும். ஏப்ரல், மே சீசனில் வேலை நடக்கும், ஆனால் அறை வாடகையும் வண்டி வாடகையும் உங்கள் பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

தவிர்க்க வேண்டிய மாதங்கள் ஊருக்கு ஊர் வேறு. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவதும் அப்போதுதான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே கால அட்டவணை போட்டால் ஏதாவது ஒரு பக்கம் மழையில் மாட்டுவீர்கள். நோய் பரவலைத் தொடர்ந்து மழையிலேயே எடுத்தாக வேண்டிய வேலை என்றால், காய வைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, ஒரு நாளைக்கு எடுக்கும் ஆட்களைப் பாதியாகக் குறைத்துத் திட்டமிடுங்கள்.

2. காகித வேலை

அதிகக் காலம் இழுப்பது இதுதான். ஆறு மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதி.

உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில். விண்ணப்பத்தில் சும்மா "ரத்த மாதிரி" என்று எழுதாதீர்கள். "விரல் நுனியில் எடுத்து, வடிதாள் அட்டையில் உலர்த்தி, இத்தனை ஆண்டுகள் உறைநிலையில் வைக்கப்படும்" என்று விவரமாகவே எழுதுங்கள். பழைய விண்ணப்பத்தை நகலெடுத்து "சீரம்" (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) என்றே விட்டுவிட்டால் பிறகு திருத்த ஒப்புதலுக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மிச்ச ரத்தத்தில் பின்னால் வேறு பரிசோதனை செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் சம்மதப் படிவத்தில் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி 7 முதல் 11 வயதுக் குழந்தையிடம் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து இசைவும், பெற்றோர் சம்மதத்தோடு சேர்த்து வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வுக்குத் தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பழங்குடிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு சம்மதம் வாங்கும் முன் ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதலும், உரிய அரசு அலுவலரின் அனுமதியும் வேண்டும். முதுமலைக்குள் இருக்கும் குடியிருப்புகள் என்றால் வனத்துறை அனுமதி தனி. ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கடிதம் வேண்டும். எஸ்டேட் லைன் வீடுகளுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) மேனேஜர் அனுமதி. இதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு லேபுக்குக் கார்டு போகப்போகிறதென்றால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி வழியாகப் போக வேண்டியிருக்கும். அதற்கான மாதங்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு வாரக்கணக்கில் அசையவில்லை. விசாரித்தால், "சாம்பிள் எடுத்துச்செல்லக் குளிர்ப்பெட்டி ஏற்பாடு" என்ற கட்டத்தில் "தேவையில்லை" என்று எழுதியிருந்ததுதான் காரணமாம். நீங்கள் அந்தக் கட்டத்தில் "உலர்த்திய பிறகு சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத பையில் கொண்டுசெல்லப்படும்" என்று முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. டிஎன் 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டி அமர்த்தினால் அந்தத் தொல்லை இல்லை. மாவட்ட எல்லையில் பிளாஸ்டிக் சோதனையும் உண்டு. கட்டுக் கட்டாக ஜிப் பைகளை வைத்துக்கொண்டு முழிக்காமல், "ஆய்வுக்கான பொருட்கள், திரும்பக் கொண்டுவரப்படும்" என்று நிறுவன லெட்டர்ஹெட்டில் பட்டியல் போட்டுச் சீல் வைத்துக் கொண்டுபோங்கள்.

3. வாங்க வேண்டியவை, செலவு

வாட்மேன் 903 அல்லது ஆல்ஸ்ட்ராம் 226 கார்டு. இரண்டும் மருந்து பூசாத பருத்திக் காகிதம். எஃப்டிஏ (FTA) கார்டு கையிருப்பில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அது டிஎன்ஏவுக்கானது, அதில் பூசியிருக்கும் ரசாயனம் புரதங்களை உருக்குலைத்துவிடும். சாதா ஃபில்டர் பேப்பரை வட்டமாக வெட்டிக்கொள்ளலாம் என்ற சிக்கனமும் வேண்டாம். ரத்தம் பரவும் அளவு தாளுக்குத் தாள் மாறினால், கடைசியில் எவ்வளவு ரத்தத்தில் சோதித்தோம் என்றே தெரியாது.

ஃபாயில் பூசிய ஜிப் பை, 1 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன அட்டைகள். கார்டுக்கு ஒரு பொட்டலம் போதும் என்பார்கள்; மலையில் நான் இரண்டு போடுவேன். நீலச் சிலிக்காவில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நஞ்சு. ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகை கேட்டு வாங்குங்கள். இரண்டு டிஜிட்டல் ஈரமானிகள், ஒன்று அறைக்கு, ஒன்று பெட்டிக்கு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்காமல் ஏறாதீர்கள்.

விரலில் குத்த, ஆழம் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் தானியங்கி லான்செட் (குத்தூசி), பஞ்சு, ஸ்பிரிட், ஊசிக்கழிவுக்குக் குத்துப்படாத வெள்ளைப் பெட்டி. அந்தப் பெட்டியை எந்த மருத்துவமனை வாங்கிக்கொள்ளும் என்பதை முன்பே பேசி வையுங்கள்.

இவையெல்லாம் சேர்ந்தாலும் செலவில் சிறு பகுதிதான். பணம் போவது வண்டிக்கும், லேபில் ஆன்டிபாடியைச் சோதிக்கும் எலைசா கிட்டுக்கும். 96 குழி கிட் ஒன்று 96 பேருக்கு என்று கணக்குப் போடாதீர்கள். முடிவு தெரிந்த மாதிரியை ஒப்பீட்டுக்குப் போடும் கன்ட்ரோல் குழிகள் போக, ஒவ்வொரு சாம்பிளையும் இரட்டையாகப் போட்டால் நாற்பது சொச்சம் பேர்தான் தேறுவார்கள்.

4. விரலில் எடுப்பது

குளிரில் விரலுக்கு ரத்தம் வராது. வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை ஐந்து நிமிடம் வைக்கச் சொல்லி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் திசு நீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துவிடும்.

தேயிலைக் கறையும் கேரட் தோட்டத்து மண்ணும் ஸ்பிரிட்டுக்கு மசியாது. சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும். ஸ்பிரிட் முழுக்கக் காயட்டும். குன்னூர் பக்கத்து லைன் ஒன்றில் ஓர் அக்கா ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு, "இதுல குத்தினா நாளைக்குக் கொழுந்து எப்படிம்மா கிள்ளறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து இடது கை மோதிர விரல்தான், அதுவும் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில். அவர் வெளிறிய கட்டைவிரலில் பழைய பிளவுகள் கறுத்துக் கிடந்தன. அந்த மாதிரித் தோலில் குத்தினால் ஆழமும் போகாது, புண்ணும் ஆறாது.

முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். அடுத்த பெரிய துளி தானாகக் கார்டில் அச்சிட்ட வட்டத்தைத் தொடட்டும். பின்பக்கமும் அதே அளவு நனைய வேண்டும். ஒரு வட்டத்துக்கு ஒரே துளி. போதவில்லை என்று மேலே இன்னொரு துளி விட்டால் அந்த வட்டம் கணக்கில் சேராது. கார்டின் ஐந்து வட்டமும் நிறையாவிட்டால் பரவாயில்லை, நல்ல வட்டம் இரண்டு இருந்தாலே போதும்.

பால்பாயின்ட் பேனா ஸ்பிரிட் பட்டால் ஓடிவிடும். பென்சிலால் எண் மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். காலிக் கார்டுகளும் ஈரம் குடிக்கும். பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு நாள் முழுக்க ஊர் சுற்றாமல், அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள்.

5. காய வைப்பது

மலையில் வெற்றி தோல்வி இங்கேதான்.

சமவெளியில் நிழலில் மூன்று நான்கு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மலையில் ஓர் இரவு முழுக்க விடுங்கள். மழைக்காலத்தில் 24 மணி நேரம். கார்டு கிடைமட்டமாக, ரத்த வட்டம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். அடுக்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. ஹேர் டிரையர் கூடவே கூடாது. சூடு பட்டால் ரத்தம் காகிதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். பிறகு லேபில் எவ்வளவு ஊறவைத்தாலும் முழுதாக வெளியே வராது.

அப்படியானால் ஈர அறையில் என்ன செய்வது? அறையை மெல்லச் சூடாக்குங்கள். 12 டிகிரியில் 95 சதவீதமாக இருக்கும் காற்றை 22 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்ணீரின் அளவு குறையவில்லை, காற்றின் கொள்ளளவு கூடியிருக்கிறது. கார்டுக்கு அது போதும். எலக்ட்ரிக் ஹீட்டரை ஒரு மூலையில் வையுங்கள், கார்டுகள் எதிர்மூலையில் இருக்கட்டும். கேஸ் ஹீட்டர் வேண்டாம். கேஸ் எரிந்தால் நீராவியும் வரும். அறை சூடாகும், ஈரமும் ஏறும். பக்கத்திலேயே குளிக்க வெந்நீர் காய்ச்சுவது, நனைந்த ஸ்வெட்டரைக் காயப்போடுவது, பத்துப் பேர் உட்கார்ந்து டீ குடிப்பது எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த அங்கன்வாடி ஆயா, "அடுப்பங்கரைதான் கதகதப்பா இருக்கும், அங்க வைங்க கண்ணு" என்றார். அன்பாகச் சொன்னார், ஆனால் சோறு வேகும் இடத்தைவிட ஈரமான இடம் அந்தக் கட்டடத்தில் வேறு இல்லை.

கரன்ட் நம்ப முடியாத ஊரென்றால் உலர்பெட்டி செய்துகொள்ளுங்கள். இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் அரை கிலோ சிலிக்கா ஜெல், மேலே கம்பித் தட்டு, பவர் பேங்கில் ஓடும் குட்டி யூஎஸ்பி விசிறி, ஓர் ஈரமானி. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியில் காயவிட்டு, மேற்பரப்பு ஈரம் போனதும் பெட்டிக்குள் அடுக்குத் தட்டில் வையுங்கள். காலையில் ஈரமானி 30 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நிம்மதி. நிறம் மாறிய சிலிக்காவை 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். தளர்வான மணிகளுக்குத்தான் இது. பொட்டலத்தோடு வைத்தால் உறை உருகும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? பளிச்சென்ற சிவப்பு போய், வட்டம் முழுக்க ஒரே சீராகக் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கும் மினுமினுப்பு இருக்கக் கூடாது. தொட்டுப் பார்க்காதீர்கள்.

எறும்பும் கரப்பானும் ரத்தத்தைத் தேடி வரும். தட்டின் மேல் கொசுவலைத் துணி, மேசைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம். இதை விட்டுவிட்டால், காலையில் வட்டத்தின் ஓரம் அரிக்கப்பட்டிருக்கும்.

6. பையில் போடுவது

அரைகுறையாகக் காய்ந்த கார்டை "உள்ளேதான் சிலிக்கா இருக்கிறதே" என்று பையில் போட்டு மூடுவது, நான் பார்த்தவற்றில் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தச் சிலிக்காப் பொட்டலம் காய்ந்த கார்டைக் காய்ந்தபடி வைத்திருக்கத்தான். ரத்தத்தை உலர்த்தும் வேலையை அதன் தலையில் கட்டினால் முதல் நாளே நிரம்பிவிடும், அப்புறம் பைக்குள் அடைபட்ட ஈரம்தான் மிச்சம்.

கார்டுகளுக்கு இடையே கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்) வைத்துப் பத்துப் பத்தாகப் போடுங்கள். ஈரப்பதம் காட்டும் அட்டை வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி இருக்கட்டும். ஃபாயில் பையென்றால் ஒரு பக்கம் கண்ணாடி போலத் தெரியும் வகை வாங்குங்கள், இல்லாவிட்டால் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டிவரும். அந்த அட்டையில் 30 சதவீதப் புள்ளி நிறம் மாறினால் சிலிக்காவை மாற்றுங்கள். காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். எடுத்த நேரம், பையில் போட்ட நேரம், அப்போதைய அறை ஈரப்பதம் மூன்றையும் அங்கேயே நோட்டில் எழுதுங்கள். பின்னால் ஒரு கார்டு விநோதமான அளவு காட்டும்போது அந்த நோட்டுதான் பேசும்.

கன்ட்ரோல் கார்டுகளையும் (ஒப்பிட்டுப் பார்க்க நீங்களே தயாரிப்பவை) இதே பைகளில் அனுப்புங்கள். ஆன்டிபாடி இருப்பது உறுதியான சீரத்தை, கழுவிய சிவப்பணுக்களோடு கலந்து, லேபிலேயே ஒரே நாளில் பல கார்டுகளில் துளியிட்டு உலர்த்துங்கள். சிலவற்றை மைனஸ் 80ல் வையுங்கள், மற்றவை உங்களோடு மலையேறி, எல்லா அறைகளிலும் தங்கி, எல்லா வண்டியிலும் ஏறி இறங்கட்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டால், உங்கள் சேமிப்பு முறை எவ்வளவு தின்றது என்பது எண்ணாகவே வந்துவிடும். 20 சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அளவைப் பார்த்த பிறகு முடிவெடுத்தால் மனசு சமாதானம் தேடும்.

7. மலையிலிருந்து இறக்குவது

ஐஸ் பேக் வேண்டாம். நன்றாகக் காய்ந்த கார்டுக்கு ஒரு நாள் பயணத்தில் ஐஸால் பயனில்லை. அது வியர்த்து விடும் தண்ணீர்தான் ஆபத்து.

மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் கூடும். குளிர்ந்த பையை அங்கே திறந்தால் சூடான காற்றின் ஈரம் கார்டின் மேல் படியும். வழியில் யார் கேட்டாலும் பையைத் திறக்காதீர்கள். டிக்கியிலும் டேஷ்போர்டிலும் வைக்காமல் இருக்கைக்கு அடியில் வையுங்கள், டீ குடிக்க நிறுத்தினால் கையோடு எடுத்துப் போங்கள்.

கூரியரிலும் அனுப்பலாம். விமானத்தில் ஆபத்தான சரக்குக்கான விதிகள் உலர்ந்த ரத்தப் பொட்டுக்குப் பொருந்தாது என்று சர்வதேச விதியே சொல்கிறது. ஆனாலும் "ரத்தம்" என்ற சொல்லைக் கேட்டதும் கவுன்டரில் கையை விரிப்பார்கள். நிறுவனக் கடிதமும், அந்த விதியின் நகலும் உறையோடு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், சனி, ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கும்.

8. எங்கே, எவ்வளவு நாள்

நன்றாகக் காய்ந்து, சிலிக்காவோடு அடைத்திருந்தால் ஐஜிஜி (ரத்தத்தில் நெடுநாள் நிற்கும்) வகை ஆன்டிபாடி சாதாரண அறையில் சில வாரம் தாங்கும், 4 டிகிரியில் மாதக்கணக்கில், மைனஸ் 20ல் ஆண்டுக்கணக்கில். நோயின் தொடக்கத்தில் வரும் ஐஜிஎம் வகை நோஞ்சான், அதைத் தேடுகிறீர்கள் என்றால் இரண்டு வாரத்துக்குள் மைனஸ் 20க்குக் கொண்டுபோய்விடுங்கள். இந்தக் கணக்கு நோய்க்கு நோய், கிட்டுக்குக் கிட் மாறும், அதனால்தான் கன்ட்ரோல் கார்டு என்று அவ்வளவு சொன்னேன்.

ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியானது, ஆனால் உள்ளே ஈரம் அதிகம். ஜிப் சரியாக மூடாத பையை அதில் வைப்பதைவிட, உலர்ந்த பீரோவில் நல்ல பையில் வைப்பது மேல்.

சுகாதார நிலையத்தில் ஐஎல்ஆர் பெட்டி (தடுப்பூசிக் குளிர்பெட்டி) காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதில் தடுப்பூசி தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது. நர்ஸம்மா உங்கள் மேல் இரக்கப்பட்டு வைத்துவிட்டால் ஆய்வின்போது மாட்டுவது அவர்தான்.

ஃப்ரீசர் வாங்குவதானால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வேண்டாம். பனி உருக்க அது தானாகவே அவ்வப்போது சூடேறும். மரம் விழுந்து கரன்ட் போவது மலையில் சகஜம் என்பதால், ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். விடுமுறை முடிந்து வரும்போது காசு பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

9. லேபில்

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பையை உடனே திறக்காதீர்கள். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும், குறைந்தது ஒரு மணி நேரம். அவசரப்பட்டுத் திறந்தால் இதுவரை காப்பாற்றியதெல்லாம் ஒரு நிமிடத்தில் பனித்துவிடும். ஒரே பையை அடிக்கடி எடுத்து வைக்காமல், ஒரு வேளைக்கு ஒரு பை என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

6 மில்லிமீட்டர் துளையிடும் கருவியால் வட்டத்தின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே, எல்லாக் கார்டிலும் ஒரே இடத்தில் வெட்டுங்கள். ட்வீன் (சோப்பு போன்ற ஒரு பொருள்) சேர்த்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் 4 டிகிரியில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் கரைசல் சிவப்பாகவும் காகிதம் வெளிறியும் இருந்தால் ரத்தம் நன்றாக வந்துவிட்டது. காகிதம் பழுப்பாகவே நின்று கரைசலும் மங்கலாக இருந்தால் அந்தக் கார்டு சூடோ ஈரமோ பார்த்திருக்கிறது. அதன் "நெகட்டிவ்" முடிவை நம்பாதீர்கள், தனியே குறியுங்கள்.

கிட்டில் அச்சிட்டிருக்கும் கட்-ஆஃப் (பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் எல்லை அளவு) சீரத்துக்கானது. முடிந்தால் ஒரு சிறு பகுதி ஆட்களிடம் கார்டோடு நரம்பு ரத்தமும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு உங்கள் கட்-ஆஃபை நீங்களே நிர்ணயியுங்கள். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் தாளில் அகலமாகப் பரவும்; ஒரே அளவு துண்டில் வரும் ரத்தம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ரத்தசோகையை உண்டாக்கும் அரிவாளணு நோய் உள்ள பழங்குடிக் குடும்பங்கள் நீலகிரியில் இருப்பதால் இங்கே இதை ஒதுக்கிவிட முடியாது. ஹீமோகுளோபின் அளவையும் அன்றே எடுத்துப் படிவத்தில் குறித்துவிட்டால் கணக்குப் போடும்போது கைகொடுக்கும்.

வெட்டியது போக மீந்த வட்டங்களைப் புதுச் சிலிக்காவோடு அதே பையில் மூடி, சம்மதப் படிவத்தில் எழுதிய கடைசி ஆண்டைப் பையின் மேலேயே மார்க்கரில் எழுதி, மறுபடி மைனஸ் 20ல் வையுங்கள்.